பழைய வீடியோ கார்டுக்கு நான்கு வழிகள்: எதை எடுப்பது?

பழைய ஐபிஎம் பிசி ஒன்றோ, அதன் நகல் ஒன்றோ கையில் இருக்கிறது. உள்ளே ஒரு வீடியோ கார்டு. மானிட்டர் இல்லை, அல்லது இருந்தும் படம் வரவில்லை. இங்கிருந்து மேலே போக நான்கு வழிகள் உண்டு. கார்டையும் பழைய குழாய் மானிட்டரையும் சேர்த்தே பழுதுபார்ப்பது முதல் வழி. கார்டை மட்டும் சரிசெய்து, அதன் சிக்னலை எல்சிடி திரைக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பது இரண்டாவது. கார்டின் நினைவகத்தைக் கூட்டுவது, அல்லது அதே காலத்தின் மேம்பட்ட கார்டுக்கு மாறுவது மூன்றாவது. பழைய கார்டைப் போலவே நடந்துகொள்ளும்படி இன்று செய்யப்படும் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே எழுதி அமைக்கக்கூடிய சிப்) கார்டைச் செருகுவது நான்காவது.

பெரும்பாலோர் கார்டை வைத்து முடிவெடுக்கிறார்கள். திரையை வைத்து முடிவெடுங்கள் என்பேன். 1980களின் தொடக்கத்தில் வந்த வீடியோ கார்டு கிட்டத்தட்ட முழுக்கவும் பொதுவான பாகங்களால் ஆனது. 74 வரிசை லாஜிக் சிப்புகள், மோட்டோரோலா 6845 என்ற திரைக் கட்டுப்பாட்டு சிப், கொஞ்சம் ரேம், ஒரு எழுத்துரு ரோம். இவை எல்லாவற்றுக்கும் இன்றும் மாற்று கிடைக்கிறது. மானிட்டரின் படக்குழாய் அப்படியில்லை. அது தேய்ந்துவிட்டால் இன்னொரு பழைய குழாயைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே எந்தத் திரையில் பார்க்கப் போகிறீர்கள் என்பது உறுதியானால் நான்கு வழிகளில் எது என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

ஒரே கனெக்டர், மூன்று சிக்னல்கள்

ஐபிஎம்மின் எம்டிஏ (எழுத்து மட்டும் காட்டும் ஒற்றை நிறக் கார்டு), சிஜிஏ (வண்ணக் கார்டு), இஜிஏ (அதன் மேம்பட்ட வடிவம்) மூன்று கார்டுகளுக்கும் பின்பக்கம் இருப்பது அதே 9 முனை கனெக்டர்தான். வெளியே பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் 1981-இல் வந்த எம்டிஏ விநாடிக்கு 18,432 கிடைவரிகளை வரைகிறது, முழுப் படத்தை 50 முறை. அதே ஆண்டு வந்த சிஜிஏ 15,700 சொச்சம் வரிகள், 60 முறை. 1984-இன் இஜிஏ 350 வரிப் படத்துக்கு ஏறக்குறைய 21,800 வரிகளுக்கு ஏறும். 200 வரிப் படம் என்றால் சிஜிஏ வேகத்துக்கே இறங்கிவிடும். எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை மானிட்டருக்குத் தெரிவிக்க, செங்குத்து ஒத்திசைவுச் சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி அனுப்புகிறது. அதோடு, சிஜிஏவில் வெறும் கிரவுண்டாக இருந்த 2-ஆம் முனை இஜிஏவில் சிவப்பு நிறத்தின் இரண்டாம் பிட்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஐபிஎம் 5151 போன்ற ஒற்றை நிற மானிட்டருக்கு சிஜிஏ சிக்னலைக் கொடுத்தால் படம் குழம்புவதோடு நிற்காது, உள்ளே இருக்கும் கிடைவரிச் சுற்றே எரிந்துபோகக்கூடும். செருகுவதற்கு முன் கார்டு எது என்று உறுதிப்படுத்துங்கள். ஸ்லாட்டில் உள்ள கார்டில் ஆர்சிஏ சாக்கெட் (பழைய தொலைக்காட்சிகளில் உள்ளது போன்ற வட்டத் துளை) ஒன்றும் சேர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் சிஜிஏ வகை. பிரிண்டர் போர்ட் சேர்ந்தே இருந்தால் எம்டிஏ அல்லது ஹெர்குலிஸ் (எம்டிஏவோடு வரைகலையும் காட்டும் கார்டு) வகை என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் தீர அதன் படிகத்தை (கடிகாரத் துடிப்பைத் தரும் சிறு உலோகப் பாகம்) பாருங்கள்: எம்டிஏ தன் சொந்த 16.257 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓடுகிறது. சிஜிஏ மதர்போர்டு தரும் 14.318 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறது.

உங்களிடம் இருப்பது விஜிஏ என்றால் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. 1987-இல் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த அது 15 முனை கனெக்டரில், 31.5 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில், 0.7 வோல்ட் அனலாக் சிக்னலாக வருகிறது. விஜிஏ சாக்கெட் உள்ள எல்சிடி மானிட்டர்களில் பெரும்பாலானவை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

கார்டைச் சரிசெய்வது

நான்கு வழிகளில் மூன்றுக்கு இது அடித்தளம். பயப்பட வேண்டிய வேலையும் அல்ல.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, டான்டலம் கெப்பாசிட்டர்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறச் சொட்டுப் போல நிற்கும் இவை வயதாகும்போது ஷார்ட் ஆகும் வழக்கம் உள்ளவை, குறிப்பாக 12 வோல்ட் தடத்தில் இருப்பவை. கார்டின் விளிம்பில் பி9 என்ற முனை 12 வோல்ட், பி3 என்பது 5 வோல்ட், பி1 கிரவுண்ட். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். சுழியத்துக்கு அருகே காட்டினால் அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றியாக வேண்டும். புதிதாகப் போடும்போது 12 வோல்ட் தடத்துக்கு 25 வோல்ட் தாங்கும் பாகத்தைப் போடுவது நல்லது. இரண்டாவது, விளிம்புத் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பது. பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்துப் போனால் திரும்ப வராது. மூன்றாவது, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகளை விரலால் மெல்ல அழுத்துவது. பல வருடங்கள் சூடும் குளிருமாக மாறி மாறி வந்ததில் அவை மெல்ல மெல்ல மேலே எழும்பியிருக்கும். இறந்துபோனதாகக் கருதப்பட்ட கார்டுகள் இந்த அழுத்தலிலேயே உயிர் பெறுவது உண்டு.

ரோம் சிப் கழற்றக்கூடியதாக இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் படித்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடியது) வகை ரோமில் பதிந்த தரவு காலப்போக்கில் மங்கக்கூடியது. அதன் கண்ணாடிச் சன்னலை மறைக்கும் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் உடனே ஒன்றை ஒட்டுங்கள்.

இனி பழுதைக் கண்டுபிடிப்பது. இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய கார்டு தன் நோயைத் திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. ஒரு சிஜிஏ கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் 16 கிலோபைட் நினைவகத்தில் ஒவ்வொரு சிப்பும் பைட்டின் ஒரு பிட்டை மட்டும் சுமக்கிறது. திரையில் ஏ என்ற ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் சி வருகிறது, டி வர வேண்டிய இடத்தில் எஃப் வருகிறது, ஆனால் பி மட்டும் பி ஆகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ என்பதன் எண் பதினாறின் அடிமானத்தில் 41, சி என்பது 43. டி 44, எஃப் 46. பி என்பது 42. அதாவது 2-இன் மதிப்புள்ள பிட் எப்போதும் 1 ஆகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பி எழுத்தில் அந்தப் பிட் ஏற்கனவே 1 என்பதால் அதற்கு எந்த மாற்றமும் இல்லை. இதே சிப்தான் நிறத் தகவலிலும் அதே பிட்டைச் சுமக்கிறது, அங்கே அது பச்சை. ஆகவே நீல எழுத்துகள் எல்லாம் நீலப்பச்சையாகத் தெரியும். இந்த இரண்டு அறிகுறிகளும் ஒத்துப்போனால் எந்தச் சிப் என்று சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்து விரலை வைத்துவிடலாம். ஆஸிலாஸ்கோப் கூடத் தேவையில்லை.

எழுத்து சரியான எழுத்துதான், ஆனால் அதன் வடிவம் உடைந்திருக்கிறது என்றால் ரேமை விடுங்கள், எழுத்துரு ரோமைப் பாருங்கள். ஐபிஎம் பயன்படுத்திய அந்த 8 கிலோபைட் ரோம் 24 முனைகள் உள்ளது. இன்று எளிதாகக் கிடைக்கும் 2764 ஈப்ராமுக்கு 28 முனைகள். நேராகச் செருக முடியாது, இடையில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். படம் உருண்டுகொண்டே இருக்கிறது, அல்லது குறுக்காகக் கிழிகிறது என்றால் 6845-ஐயும் ஒத்திசைவுச் சிக்னல் கடந்து வரும் லாஜிக் சிப்புகளையும் சந்தேகியுங்கள். படமே இல்லாமல் கணினி ஒரு நீளமான, இரண்டு குட்டையான பீப் ஒலி எழுப்பினால், ஐபிஎம் பயாஸ் கார்டைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று சொல்கிறது.

ஒன்றைத் தவறாகப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. ஐபிஎம் சிஜிஏவில் 80 பத்தி எழுத்துத் திரையில் பனி கொட்டுவது போலப் புள்ளிகள் சிதறும். செயலியும் திரைச் சுற்றும் ஒரே நேரத்தில் அந்த ரேமை அணுகும்போது நேரும் மோதல் அது, வடிவமைப்பிலேயே உள்ளது. எந்தச் சிப்பை மாற்றினாலும் போகாது.

சிப்பைக் கழற்றும்போது ஒரு வேண்டுகோள். இறந்த சிப்பைக் காப்பாற்ற முயலாதீர்கள். அதன் கால்களை உடலோடு சேர்த்து வெட்டிவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொரு காலையும் தனித்தனியாகச் சூடாக்கி எடுங்கள். சிப் போனால் இன்னொன்று கிடைக்கும். போர்டின் துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு கிழிந்தால் அதைத் தைப்பது பெரும்பாடு. பிறகு அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டைப் பற்றவையுங்கள்.

குழாயா, மாற்றியா?

முடிவெடுப்பதில் கடினமான இடம் இது. குழாய் மானிட்டர் தருவதை வேறு எதுவும் அப்படியே தருவதில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐபிஎம் 5151-இன் பச்சைப் பாஸ்பர் மெதுவாக மங்குகிறது. எழுத்து உருளும்போது பின்னால் ஒரு நிழல் நீள்கிறது. 50 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்றாலும் கண்ணுக்குத் துடிப்பு தெரியாததற்கு அந்த மெதுவான மங்கல்தான் காரணம். 200 வரி வண்ணத் திரையில் வரிகளுக்கு நடுவே விழும் கருப்பு இடைவெளி, அன்று வரைந்த ஓவியர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒன்று. எந்தத் தெளிவுத்திறனாக இருந்தாலும் குழாய் தன் முழுத் திரையையும் நிரப்பும், பிக்சல்களைப் பெருக்கவும் வகுக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் அதன் விலை உழைப்பிலும் ஆபத்திலும் இருக்கிறது. வண்ணக் குழாயின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஒற்றை நிறக் குழாயிலும் பத்தாயிரத்தைத் தாண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாயே ஒரு கெப்பாசிட்டராக அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். கிரவுண்டோடு இணைத்த காப்பிட்ட கருவியால் முறைப்படி வெளியேற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. குழாயின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி. தட்டினால் உடையும், உடைந்தால் குழாய் முடிந்தது. உயர் மின்னழுத்தத்தை உருவாக்கும் ஃப்ளைபேக் மின்மாற்றி எரிந்துவிட்டால், பல மாடல்களுக்குப் பொருத்தமான மாற்று கிடைப்பது அரிது. சால்டரிங் பழகத் தொடங்கியிருப்பவர்கள் முதல் வேலையாக இதை எடுக்க வேண்டாம். தெரிந்த ஒருவர் அருகில் இருந்து சொல்லிக் கொடுத்தால் தவிர, எடுக்கவே வேண்டாம்.

மாற்றிகளுக்கு வருவோம். இவற்றைக் குணத்தால் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

ஜிபிஎஸ்-8200 என்ற போர்டு ஆர்கேட் இயந்திரங்களின் 15 கிலோஹெர்ட்ஸ் அனலாக் சிக்னலை விஜிஏ திரைக்கு மாற்றச் செய்யப்பட்டது. எளிதில் கிடைக்கிறது. ஜிபிஎஸ்-கன்ட்ரோல் என்ற திறந்த மூல மென்பொருளை ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் வழியே சேர்த்தால் அதன் தரம் வெகுவாக உயர்கிறது. ஆனால் சிஜிஏ அனுப்புவது அனலாக் அல்ல. சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் பளிச்சென்று காட்டச் சொல்லும் ஒரு பிட் என நான்கு கம்பிகளில் 5 வோல்ட் டிஜிட்டல் சிக்னல். ரெசிஸ்டர்களால் அதைக் கலந்து 0.7 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பழுப்பு நிறம் சிக்கலாகிறது. கணக்குப்படி சிஜிஏவின் 6-ஆம் நிறம் மங்கிய மஞ்சள், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. ஐபிஎம் 5153 மானிட்டரின் உள்ளே ஒரு தனிச் சுற்று இந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைக் குறைத்துப் பழுப்பாக்கியது. வெறும் ரெசிஸ்டர் கலவைக்கு இந்தச் செய்தி தெரியாது. மரங்களும் மண்ணும் வீட்டுச் சுவர்களும் பாசி பிடித்தது போலத் தெரிந்தால் காரணம் இதுதான். எந்த மாற்றியை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அதில் பழுப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஓஎஸ்எஸ்சி என்ற மாற்றியும் அனலாக் சிக்னலுக்கானது. படத்தைச் சேமித்து வைக்காமல் வரி வரியாகப் பெருக்கி உடனே அனுப்புவதால் தாமதம் ஏறக்குறைய இல்லை. விசையை அழுத்தியதும் உருவம் குதிக்க வேண்டிய விளையாட்டுகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் வெளியே போகும் சிக்னல் உள்ளே வரும் சிக்னலின் வேகத்தையே பின்பற்றும். விநோத அதிர்வெண்களை உங்கள் திரை மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எம்சிஇ2விஜிஏ, ஆர்ஜிபி2எச்டிஎம்ஐ இரண்டும் நேரடியாக டிஜிட்டல் சிக்னலையே படிக்கின்றன. எம்டிஏ, சிஜிஏ, இஜிஏ மூன்றும் இவற்றுக்குத் தெரியும். முன்னது விஜிஏ ஆகக் கொடுக்கும். பின்னது பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினிக்காகத் தொடங்கி வளர்ந்த திட்டம், ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியின் மேல் ஓடுகிறது, எச்டிஎம்ஐ ஆகக் கொடுக்கிறது. சிக்னலை எந்தக் கணத்தில் படிப்பது என்பதைச் சரியாக அமைத்துவிட்டால் ஒவ்வொரு பிக்சலும் கத்தியால் வெட்டியது போல நிற்கும். 9 முனை கார்டு வைத்திருப்பவருக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன். ரெசிஸ்டர் கணக்கு, பழுப்புச் சண்டை இரண்டிலிருந்தும் விடுதலை.

இவை எதுவும் தராத ஒன்று உண்டு. சிஜிஏவின் ஆர்சிஏ சாக்கெட்டில் வரும் காம்போசிட் (படம் முழுவதும் ஒரே கம்பியில் வருவது) சிக்னல். 640×200 கருப்பு வெள்ளைத் திரையில் புள்ளிகளைக் குறிப்பிட்ட வரிசையில் வைத்தால், என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) தொலைக்காட்சி அவற்றை நிறமாகப் புரிந்துகொள்ளும். 16 நிறங்கள் கிடைக்கும். அக்கால விளையாட்டுகள் சில இதை நம்பியே வரையப்பட்டன. 2015-இல் ரெவிஷன் விழாவில் வெளியான 8088 எம்பிஎச் என்ற டெமோ (கணினியின் திறனைக் காட்டும் நிரல்) இதே வழியில் 1,024 நிறங்களைக் காட்டியது. இவற்றை 9 முனை மாற்றி வழியாகப் பார்த்தால் கருப்பு வெள்ளைக் கோடுகளும் தவறான நிறங்களும்தான் தெரியும். உங்கள் ஆர்வம் இந்தப் பக்கம் என்றால் என்டிஎஸ்சி காம்போசிட் ஏற்கும் தொலைக்காட்சி ஒன்றைத் தேடுங்கள். நிறம் பிசகினால், ஐபிஎம் பிசி மதர்போர்டில் 14.318 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைத் துல்லியமாக்க ஒரு குட்டித் திருகு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதை மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

மாற்றி வழியில் போனால் எல்சிடியின் வடிவமும் முக்கியம். 320×200 படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது. ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட உயரம் கூடியது. 1600×1200 மானிட்டரில் அதை அகலத்தில் 5 மடங்கும் உயரத்தில் 6 மடங்கும் பெருக்கினால் ஒரு பிக்சல் மிச்சமில்லாமல் நிறைந்துவிடும். இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் திரை வேறு இல்லை. பரவலாகக் கிடைக்கும் 1280×1024 மானிட்டர்கள் 5:4. முகங்கள் சற்று நீண்டுவிடும். விஜிஏ கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: டாஸ் எழுத்துத் திரையும் 320×200 விளையாட்டுகளும் விநாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 60 முறை மட்டுமே காட்டும் திரை பத்துப் படங்களைத் தின்றுவிடும். பக்கவாட்டில் நகரும் காட்சி திக்கித் திக்கி ஓடும்.

குழாய் மானிட்டரைத்தான் கடைசியில் வைக்கப் போகிறீர்கள் என்றாலும் முதலில் ஒரு மாற்றியை வாங்கச் சொல்வேன். கார்டு, மானிட்டர் இரண்டுமே சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது எது பழுது என்று எப்படிச் சொல்வது? நம்பகமான ஒரு திரை மேசையில் இருந்தால் கார்டின் வேலை முதலில் முடியும். அதற்குப் பிறகு குழாயைத் திறப்பதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கலாம்.

நினைவகத்தைக் கூட்டுவது எப்போது பயன் தரும்?

கணக்கு போட்டால் விடை வந்துவிடும். ஐபிஎம் இஜிஏ 64 கிலோபைட்டோடு வந்தது. 640×350 திரையில் 16 நிறம் வேண்டுமானால் 1,12,000 பைட் தேவை. ஆகவே அடிப்படைக் கார்டில் அந்தத் தெளிவுத்திறனில் 4 நிறங்கள்தான். மேலே ஒரு துணைப் பலகையைச் செருகி நினைவகத்தைக் கூட்டினால் 16 நிறம் வரும். 256 கிலோபைட் ஆக்கினால் இரண்டு முழுத் திரைகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம், ஒன்றைக் காட்டிக்கொண்டே மற்றொன்றில் வரையலாம். இஜிஏவுக்கு இது கார்டையே முழுமையாக்கும் வேலை, தயங்காமல் செய்யுங்கள்.

விஜிஏ காலத்து ஐஎஸ்ஏ (அக்காலப் பிசிக்களின் ஸ்லாட் வகை) கார்டுகளில் நிலைமை வேறு. ட்ரைடென்ட் 8900, செங் ஈடி4000, சிரஸ் லாஜிக் வகைக் கார்டுகளில் காலி சாக்கெட்டுகளைப் பார்த்தாலே கை பரபரக்கும். வழக்கமாக அவற்றில் போடுவது 256கே×4 வகை டிராம் நினைவக சிப், ஒவ்வொன்றும் 128 கிலோபைட். நான்கு போட்டால் 512 கிலோபைட், எட்டு போட்டால் 1 மெகாபைட். 256 நிறங்களில் 640×480 திரைக்கு 3,07,200 பைட், 800×600-க்கு 4,80,000 பைட். இரண்டும் 512 கிலோபைட்டுக்குள் அடங்கும். 1024×768-க்கு 7,86,432 பைட் என்பதால் 1 மெகாபைட் வேண்டும். விண்டோஸ் 3.1-ஐப் பெரிய திரையில் ஓட்டும் ஆசை இருந்தால் இது நல்ல செலவு. டாஸ் விளையாட்டுகளுக்காக என்றால் பயனே இல்லை. 320×200 திரைக்குத் தேவை வெறும் 64,000 பைட். அடிப்படை விஜிஏவின் 256 கிலோபைட்டே அதற்கு நான்கு மடங்கு.

வேகம் கூடுவதும் சில சிப்புகளில்தான். எஸ்3 ட்ரையோ64 போன்ற பிந்தைய சிப்புகள் 1 மெகாபைட் இருக்கும்போது நினைவகத்தை 32 பிட் அகலத்தில் அணுகும், 2 மெகாபைட் ஆக்கினால் 64 பிட். அங்கே காலி சாக்கெட்டை நிரப்புவது உண்மையாகவே வேகத்தைக் கூட்டுகிறது. சிப்புகளை வாங்கும்போது ஏற்கனவே உள்ளவற்றின் நானோவிநாடி மதிப்புக்குச் சமமாகவோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். ஜம்பர் மாற்ற வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றுக் கார்டு என்ற வகையில் ஒன்றை மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பேன்: வேலை செய்யும் ஒற்றை நிற மானிட்டரும் எம்டிஏ கார்டும் வைத்திருப்பவருக்கு ஒரு ஹெர்குலிஸ் கார்டு. எம்டிஏவால் எழுத்து மட்டுமே காட்ட முடியும். 1982-இல் வந்த ஹெர்குலிஸ் அதே மானிட்டரில், அதே வேகத்தில், 720×348 புள்ளிகள் கொண்ட வரைகலையைச் சேர்த்தது. மானிட்டரைத் தொடவே வேண்டாம். அதை உருவாக்கிய வான் சுவன்னுகுல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை தாய்லாந்து எழுத்தில் ஐபிஎம் பிசியில் எழுத விரும்பினார். எம்டிஏவின் எழுத்துரு ரோமில் தாய் எழுத்து இல்லை, சிஜிஏவின் புள்ளிகள் போதவில்லை. ஆகவே தானே ஒரு கார்டைச் செய்தார். மேலும் கீழும் குறிகள் தாங்கும் எழுத்தில் எழுதுகிற நமக்கு அந்தத் தேவை சொல்லாமலே புரியும்.

எஃப்பிஜிஏ கார்டு

கிராஃபிக்ஸ் கிரெம்லின் என்ற திறந்த மூல ஐஎஸ்ஏ கார்டு எம்டிஏவையும் சிஜிஏவையும் எஃப்பிஜிஏ சிப்புக்குள் மறுபடி உருவாக்கி, விஜிஏ மானிட்டருக்கு நேராகப் படம் அனுப்புகிறது. கார்டும் மாற்றியும் ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது. கார்டே இல்லாத கணினிக்கு இது மிகப் பொருத்தமான தேர்வு. உண்மையான கார்டு இருந்து, அது பழுதாகி, சரிசெய்ய நேரம் தேவைப்படும் இடைக்காலத்துக்கும் நல்லது. வடிவமைப்புக் கோப்புகள் கைவசம் இருப்பதால், 6845-இன் பதிவகங்கள் என்ன செய்கின்றன என்று படித்தே கற்றுக்கொள்ளலாம்; அதற்காக மட்டும்கூட ஒன்றைச் செய்து பார்க்கலாம். நுண்ணிய எஸ்எம்டி (பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும்) சால்டரிங் தேவைப்படும் என்பதை மனத்தில் வையுங்கள். ஆனால் பழுதுபார்க்கக்கூடிய அசல் கார்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு இதைப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அசலின் நேரக் கணக்குகளைக் கடைசி நுணுக்கம் வரை சார்ந்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு அசலே வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்றால்

சில சமயம் தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை. எம்டிஏவின் நினைவகம் பி0000 என்ற முகவரியில் தொடங்குகிறது, சிஜிஏவுடையது பி8000-இல். உள்ளீட்டு முகவரிகளும் வேறு: 3பி4, 3டி4. ஆகவே ஒரே கணினியில் ஒற்றை நிறக் கார்டு ஒன்றையும் வண்ணக் கார்டு ஒன்றையும் சேர்த்துச் செருகி, இரண்டு திரைகளில் பார்க்கலாம். வண்ணக் கார்டாக விஜிஏ இருந்தாலும் பொருந்தும். அன்றைய நிரலாளர்கள் வண்ணத் திரையில் விளையாட்டையும் பச்சைத் திரையில் பிழைத்திருத்தியையும் ஓடவிட்டு வேலை செய்தது இப்படித்தான். டர்போ டீபக்கர் என்ற பிழைத்திருத்தி இதற்கு நேரடியாகவே ஆதரவு தருகிறது.

ஒற்றை நிறக் கார்டு ஹெர்குலிஸ் என்றால் மட்டும் கவனம். அதன் 64 கிலோபைட்டில் இரண்டாம் பாதி பி8000-இல்தான் வருகிறது, அதாவது வண்ணக் கார்டின் இடத்தில். இரண்டு கார்டுகளும் உள்ளே இருக்கும்போது ஹெர்குலிஸைப் பாதி நினைவகப் பயன்முறையிலேயே வைத்திருக்க வேண்டும். அதன் துணை நிரலில் இதற்குத் தனிக் கட்டளை உண்டு. மதர்போர்டில் எந்தத் திரை முதன்மை என்று சொல்லும் சுவிட்சையும் சரிபார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். டாஸ் வந்ததும் மோட் மோனோ, மோட் கோ80 என்ற இரண்டு கட்டளைகளை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். கர்சர் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தாவும்.